மூளைக் காசநோய்: ஓராண்டு மாத்திரை ஏன்?

காசநோய் என்றதும் இருமல்தான் நம் நினைவுக்கு வரும். அதே கிருமி மூளையைச் சுற்றியுள்ள சவ்வையும் தாக்கும். அதுவே காசநோய் மூளைக்காய்ச்சல். இதில் இருமலே இல்லாமல் போகலாம். விசாவுக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே சரியாக இருந்தவருக்கும் பின்னாளில் வரலாம்.

ஃபர்வானியாவில் வாழும் நம்மில் பலர் தலைவலி, காய்ச்சல் என்றால் பனடால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம். ஆனால் காய்ச்சலும் தலைவலியும் ஒரு வாரம் நீடித்தாலோ, வாந்தி, குழப்பமான பேச்சு, ஓயாத தூக்கம் சேர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே முதுகில் ஊசி வழியாக நீர் எடுத்துச் சோதிப்பார்கள். "கால் விழுந்துவிடும்" என்று பயந்து மறுக்காதீர்கள். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போடப்படுகிறது.

சந்தேகம் வலுவாக இருந்தால், முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தைத் தொடங்குவார்கள். தாமதம் உயிரைப் பறிக்கும். முதல் 2 மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எதாம்பியூட்டால் என நான்கு மருந்துகள். அடுத்த 10 மாதம் ஐசோநியாசிடும் ரிஃபாம்பிசினும். இந்தியாவில் எதாம்பியூட்டாலையும் தொடர்வதுண்டு. நுரையீரல் காசநோய்க்குப் பொதுவாக 6 மாதம் போதும். மூளைக்குள் எல்லா மருந்தும் எளிதில் நுழையாது, ரிஃபாம்பிசின் குறைவாகவே சேரும். அதனால்தான் இங்கே ஓராண்டு.

கூடவே வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தருவார்கள். வியட்நாமில் 545 பேரிடம் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் சுமார் 32 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 41 சதவீதம் பேரும் இறந்தனர். ஸ்டீராய்டைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். நாமாக நிறுத்தக் கூடாது.

சிறுநீர் ஆரஞ்சு நிறமானால் பயம் வேண்டாம், அது ரிஃபாம்பிசினால் வருவது. கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நுரையீரலில் நோய் இல்லையென்றால் இது பிறருக்குத் தொற்றாது. அறை நண்பரின் தட்டு, டம்ளரை ஒதுக்கி வைக்க வேண்டாம்.

காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது நம் சென்னையில் நடந்த ஆய்வுதான். நுரையீரல் காசநோய் பற்றியது என்றாலும், அதன் பாடம் நமக்கும் பொருந்தும். மருத்துவமனையிலிருந்து வந்தபின் மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தாரும் அறை நண்பர்களும்தான். நடுவில் ஊருக்குப் போக நேர்ந்தால் மருத்துவ அறிக்கையையும், வழிக்கான மாத்திரையையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். அங்கே அரசு மருத்துவமனையில் இந்த மருந்துகள் இலவசம். தேறிவிட்டோம் என்று ஒருநாளும் இடையில் நிறுத்தாதீர்கள்.