மக்கும் பிளாஸ்டிக்கும் ரப்பரும்

பண்டம் தீர்ந்த பின்னும் அதைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை அழிவதில்லை. மண்ணில் மக்கும் பிளாஸ்டிக் கிடையாதா எனின், உண்டு. நாம் உடலில் கொழுப்பைச் சேர்த்து வைப்பதுபோல், சில பாக்டீரியாக்கள் அத்தகைய பொருளைத் தம்முள் சேமிக்கின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி மோரிஸ் லெமுவான் 1926-இல் இதனைக் கண்டறிந்தார். ஆயினும் ஒரு குறை: அது அப்பளம்போல் நொறுங்கும்.

இதனுடன் ரப்பரைக் கலந்தால், விரிசல் பரவும்போது இடையிலுள்ள ரப்பர்த் துளிகள் இழுபட்டு அதன் வேகத்தை ஏற்றுக்கொள்ளும். ஆனால் இரண்டும் ஒட்டாது நின்றால் வலிமை குன்றும். 2018-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இவ்வகைப் பிளாஸ்டிக் ஒன்றை ரப்பருடன் உருக்கி, பெராக்சைடு முதலியவற்றை இட்டுப் பிணைத்தனர். முறியாது தாங்கும் திறன் 75 சதவீதம் கூடிற்று. வளையும் தன்மை இரு மடங்காயிற்று. வலிமை ஓரளவே குறைந்தது.

பிணைப்பு மிகுந்தால் மக்குவது தாமதிக்கும். எனவே அளவறிந்து சேர்த்தல் வேண்டும். நம் நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் சில 2022 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. தடை மட்டும் போதாது. அவற்றின் இடத்தில் நாம் நம்பிக் கையாளத்தக்க பொருளும் வேண்டும். கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் மரத்தில் வடியும் பால் அதற்குத் துணையாகலாம்.