பாடல் செல்லும் சுரங்கவழி

வீட்டுக் கணினியில் சேர்த்துவைத்த பாடல்களை வெளியூரிலிருந்து கேட்க எளிய வழி, பாடல் வழங்கியை இணையத்திற்கு நேரே திறந்துவிடுவதுதான். ஆனால், திறந்த வாயில்களைத் தேடித் தானியங்கி நிரல்கள் இணையமெங்கும் ஓயாமல் உலவுகின்றன. வழங்கியில் ஒரு குறை இருந்தால் போதும். பாடலுக்காகத் திறந்த கதவு பிற கோப்புகளுக்கும் வழிவிட்டுவிடும்.

இங்கு உதவுவது எஸ்எஸ்ஹெச் என்னும் நெறிமுறை. 1995ஆம் ஆண்டு, பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டுத் திருடப்பட்டன. அந்நாளில் அவை மறைப்பின்றியே பயணம் செய்தன. அந்நிகழ்வே அங்கிருந்த தாத்து இலோனெனை இந்நெறிமுறையை உருவாக்கத் தூண்டியது.

இதன் இயக்கம் சுவையானது. நம் மடிக்கணினி தனக்குள்ளேயே ஒரு வாயிலைத் திறக்கிறது. பாடல் இயக்கி அவ்வாயிலை நாடுகிறது. வழங்கி அருகிலேயே இருப்பதாக அது கருதிக்கொள்கிறது! அதன் வேண்டுகோள் மறையாக்கம் பெற்று, வீட்டுக் கணினியின் 22ஆம் எண் வாயிலை அடைந்து, அங்கே மறைநீக்கம் பெற்று வழங்கியிடம் சேர்கிறது. பாடலும் அவ்வழியே திரும்புகிறது. வெளியுலகிற்குத் திறந்திருப்பது அந்த ஒரு வாயில் மட்டுமே. அதையும் கடவுச்சொல்லால் காப்பதைவிடத் திறவுகோல் இணையால் காப்பதே நன்று. தனித்திறவுகோல் நம் கணினியை விட்டு வெளியேறுவதே இல்லை.

எனினும், சுரங்கவழி வேகத்தைக் கூட்டாது. குறுக்கப்படாத குறுந்தகட்டு இசைக்கு நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தேவை. எம்பி3 வடிவிற்கு 320 கிலோபிட்டே மிகுதி. வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகம் குறைவாயின், இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.