'அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்' – எந்த அரசாங்கம்? எந்தப் பணம்?



சில மாதங்களுக்கு முன் படிவம் ஐந்து மாணவர்களுக்குப் பருவநிலை மாற்றம் பற்றி ஒரு கருத்து விளக்கக் கட்டுரை கொடுத்தேன். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் முடிவுரைக்கு முன்னால் ஒரே வாக்கியம்: "ஆகவே, அரசாங்கம் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்." வழக்கம்போல எல்லாத் தாளிலும் சிவப்பு மையில் 'விளக்குக' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மாணவி தாளோடு என் மேசைக்கு வந்தாள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் அவள் வீட்டுக் கீழ்த்தளம் முழுகிப் போனது. "டீச்சர், எந்த அரசாங்கம்னு எழுதணும்? காசு எங்கிருந்து வரும்னு எழுதணும்? எனக்குத் தெரியலையே" என்றாள். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கும் ஒழுங்காகப் பதில் தெரியவில்லை. 'விளக்குக' என்று எழுதிய கைக்கே விளக்கத் தெரியவில்லை! அதன் பிறகு தேடிப் படித்ததை இங்கே சுருக்கமாகத் தருகிறேன். சட்டங்கள் சபா, சரவாக்கில் சற்று மாறுபடும் என்பதால் தீபகற்ப மலேசியாவை வைத்தே பேசுகிறேன்.

1. வீட்டுக்கு வரும் இரண்டு பில்கள்

மாணவர்களுக்குச் சொல்லித்தர எளிய வழி, வீட்டுக்கு வரும் வரிப் பில்களில் இருந்து தொடங்குவது.

ஆண்டுக்கு இரண்டு முறை வருவது மதிப்பீட்டு வரி. நம் வீடுகளில் 'சுக்காய் பிந்து' என்போமே, அதுதான். இது ஊராட்சி மன்றத்துக்குப் போகிறது. அதாவது மாவட்ட மன்றம், நகராண்மைக் கழகம் அல்லது மாநகர் மன்றத்துக்கு. ஆண்டுக்கு ஒரு முறை வருவது நில வரி, 'சுக்காய் தானா'. இது மாநில அரசுக்குப் போகிறது. வருமான வரிக்கும் விற்பனை வரிக்கும் வீட்டு வாசலில் பில் வராது. அவை போவது கூட்டரசுக்கு. பெரிய பணம் சேரும் இடமும் அதுதான்.

ஆக, அரசாங்கம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூன்று தனித்தனி பைகள். கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களில் மட்டும் மாநில அரசு என்ற நடுப்படி இல்லை.

பணம் ஒரு பக்கம். அதிகாரம் இன்னொரு பக்கம். கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலம், காடு, ஊராட்சி மூன்றும் மாநிலத்தின் பட்டியலில் உள்ளன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பருவநிலை வேலைகளில் பெரும்பாலானவை நிலத்திலும் காட்டிலும் சாக்கடையிலும் நடக்கின்றன. அதிகாரம் மாநிலத்திடமும் ஊராட்சி மன்றத்திடமும் இருக்கிறது. பணமோ பெரும்பாலும் கூட்டரசிடம் இருக்கிறது. உள்ளூர்த் திட்டத்துக்கு நிதி தேடுவது என்றால், இந்த இடைவெளியைக் கடப்பது என்று பொருள்.

2. திட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

'எங்கள் ஊர்ப் பருவநிலைச் செயல்திட்டத்துக்குப் பணம் கொடுங்கள்' என்று கேட்டால் யாரும் தரமாட்டார்கள். திட்டம் என்பது ஒரே பொருள் இல்லை, பல வேலைகளின் பட்டியல். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் பணம் தேட வேண்டும்.

ஆற்றோரம் உள்ள ஒரு தாமானைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் திட்டத்தில் நான்கு வேலைகள்: வீட்டு வரிசைச் சாக்கடைகளைத் தூர் வாருவது, தெருவோரம் நிழல் மரம் நடுவது, ஆற்றங்கரையை உயர்த்தி வெள்ளநீர்த் தேக்கக் குளம் வெட்டுவது, கழிமுகத்தில் இருக்கும் அலையாத்திக் காட்டைக் காப்பாற்றுவது.

முதல் இரண்டும் ஊராட்சி மன்றத்தின் அன்றாட வேலைகள். மூன்றாவது, வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வேலை, அதாவது ஜே.பி.எஸ். அதன் செலவு பல கோடி ரிங்கிட் ஆகலாம். நான்காவது மாநில அரசின் நிலமும் காடும் சம்பந்தப்பட்டது. பாருங்கள், ஒரே தாமான், நான்கு வேலை, மூன்று கதவு. தவறான கதவைத் தட்டினால் 'இது எங்கள் பொறுப்பு இல்லை' என்ற பதில்தான் வரும்.

3. பணம் இருக்கும் நான்கு இடங்கள்

முதல் இடம்: ஊராட்சி மன்றத்தின் சொந்த வருமானம். மதிப்பீட்டு வரி, உரிமக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் போன்றவை. சிறிய வேலைகளுக்கு இதுவே போதும். இதைச் செலவழிப்பது மட்டும் வழியில்லை, விட்டுக்கொடுப்பதும் ஒரு வழி. பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம் 2011 முதல், மழைநீர் சேகரிப்பு, சூரிய சக்தி, உரம் தயாரித்தல் போன்ற பழக்கங்களைப் பின்பற்றும் வீடுகளுக்கு மதிப்பீட்டு வரியில் தள்ளுபடி கொடுத்து வருகிறது. மன்றம் தன் வரியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறது, குடியிருப்பாளர் வேலையைச் செய்கிறார்.

இரண்டாம் இடம்: கூட்டரசு மாநிலங்களுக்குத் தரும் மானியங்கள். அரசமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி மக்கள்தொகை மானியமும் மாநிலச் சாலை மானியமும் உண்டு. ஊராட்சி மன்றங்களின் பராமரிப்புக்காக 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனி மானியம் ஒன்று மாநில அரசின் வழியாக வருகிறது. இவற்றோடு 2019-இல் புதிதாகத் தொடங்கியது சூழலியல் நிதிப் பகிர்வு, ஆவணங்களில் இ.எஃப்.டி. என்று வரும்.

இதை மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டை வெட்டினால் மாநிலத்துக்கு மரத்திலும் நிலத்திலும் வருமானம். வெட்டாமல் விட்டால் நன்மை நாட்டுக்கே, இழப்பு மட்டும் மாநிலத்துக்கு. இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்யவே கூட்டரசு பணம் தருகிறது. தொடக்கத்தில் ஒதுக்கியது 6 கோடி ரிங்கிட். 2023 வரவு செலவுத் திட்டத்தில் 15 கோடி, 2024-இல் 20 கோடி, 2025-இல் 25 கோடி என்று ஏறியது. நம் தாமானின் நான்காவது வேலைக்கு மாநில அரசு நாடக்கூடிய கதவு இது.

மூன்றாம் இடம்: கூட்டரசின் மேம்பாட்டு ஒதுக்கீடு. ஐந்தாண்டு மலேசியத் திட்டமும் ஆண்டு வரவு செலவுத் திட்டமும் இதைத் தீர்மானிக்கின்றன. இப்போது நடப்பது 2026 முதல் 2030 வரையிலான பதின்மூன்றாவது மலேசியத் திட்டம். ஆற்றங்கரை, தேக்கக் குளம், நீரேற்று நிலையம் போன்ற பெரிய வெள்ளத் தடுப்பு வேலைகளுக்குப் பெரும்பாலும் வழி இதுதான். 2024 வரவு செலவுத் திட்டத்தில் 33 வெள்ளத் தடுப்புத் திட்டங்களுக்கு 1,180 கோடி ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் வந்த வெள்ளத்தின் மொத்த இழப்பு மட்டுமே 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடுப்பது செலவா, சேமிப்பா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

நான்காம் இடம்: அனைத்துலக நிதி. பினாங்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2017 நவம்பரில் பினாங்கைப் பெருவெள்ளம் தாக்கியது. நகரத்தின் வெப்பமும் கூடிக்கொண்டே போனது. பினாங்குத் தீவின் நகரப் பகுதிகளில் மரம், பசுமை வழித்தடம், நீர்த்தேக்கம் ஆகியவற்றின் மூலம் வெப்பத்தையும் வெள்ளத்தையும் சமாளிக்கும் திட்டத்துக்குத் தகவமைப்பு நிதியம் 1 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியது. ஆனால் ஒரு மாநிலம் தானே நேராகப் போய் இந்தப் பணத்தைக் கேட்க முடியாது. நாட்டின் சார்பில் நியமிக்கப்பட்ட கூட்டரசு அதிகாரியின் ஒப்புதல் கடிதம் வேண்டும். நிதியம் அங்கீகரித்த ஓர் அமைப்பு பொறுப்பேற்க வேண்டும். பினாங்குக்கு அப்படிப் பொறுப்பேற்றது ஐக்கிய நாடுகள் சபையின் வாழ்விட அமைப்பு. ஆக, வெளிநாட்டுப் பணத்துக்கும் வழி கூட்டரசு வாசல் வழியாகத்தான்.

4. கேட்பவர் கையில் என்ன இருக்க வேண்டும்?

கதவு தெரிந்தால் மட்டும் போதாது. கதவைத் திறப்பவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

ஒன்று, ஆதாரம். 'அடிக்கடி வெள்ளம் வருகிறது' என்பது புகார். எந்தத் தேதி, எத்தனை அடி, எத்தனை வீடு என்று எழுதினால்தான் அது ஆதாரம்.

இரண்டு, நிலம் யாருடையது என்ற தெளிவு. நிலப் பிரச்சினை தீராத இடத்தில் குளம் வெட்ட முடியாது.

மூன்று, நாட்டுக் கொள்கையோடு பொருத்தம். 2024 செப்டம்பரில் வெளியிடப்பட்ட தேசியப் பருவநிலை மாற்றக் கொள்கை 2.0, மலேசியத் திட்டம் இரண்டிலும் உள்ள எந்த நோக்கத்துக்கு நம் வேலை உதவுகிறது என்று காட்ட வேண்டும்.

நான்கு, பராமரிப்பு. இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மரம் நடக் காசு கிடைக்கும். படமும் எடுப்பார்கள். அடுத்த மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றுவது யார் கணக்கில்? மேம்பாட்டுச் செலவும் நடைமுறைச் செலவும் வேறு வேறு. இரண்டையும் சொல்லாத திட்டம் பாதித் திட்டம்தான்.

ஐந்து, காலம். கூட்டரசு வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் நாடாளுமன்றத்துக்கு வருகிறது. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இலாகாக்கள் பட்டியலை அனுப்பிவிடும். நவம்பர் மழையில் நனைந்த பிறகு கேட்டால் அந்த ஆண்டு பஸ் போய்விட்டது என்று அர்த்தம்.

குடியிருப்பாளர்கள் நேராக மானியம் வாங்க முடியாமல் போகலாம். ஆனால் சொல்ல இடம் இருக்கிறது. ஊராட்சி மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. உள்ளூர் மேம்பாட்டுத் திட்டத்தின் வரைவு காட்சிக்கு வைக்கப்படும்போது யாரும் எழுத்து மூலம் கருத்துத் தரலாம். தேதியும் அளவும் குறித்து வைத்த ஒரு குறிப்பேட்டோடு போகிற தாமான்காரருக்கு, வெறும் கோபத்தோடு போகிறவரைவிட மதிப்பு அதிகம்.

5. இதைக் கட்டுரையில் எழுதுவது எப்படி?

முதலில் சொற்களைச் சரியாகப் பயன்படுத்துங்கள். ஒதுக்கீடு என்பது வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வேலைக்காக எடுத்து வைத்த தொகை. மானியம் திருப்பித் தர வேண்டாத பணம். கடன் திருப்பித் தர வேண்டியது. தள்ளுபடி என்பது கட்ட வேண்டியதில் குறைப்பது. நான்கையும் 'நிதியுதவி' என்ற ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். அதேபோல, கரிம வெளியேற்றத்தைக் குறைப்பது தணிப்பு. வந்துவிட்ட மாற்றத்துக்கு ஏற்ப நம்மைத் தயார்ப்படுத்துவது தகவமைப்பு. சூரியத் தகடு தணிப்பு, தேக்கக் குளம் தகவமைப்பு.

இப்போது பழைய வாக்கியத்தைப் பாருங்கள்: "ஆகவே, அரசாங்கம் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்."

திருத்திய பத்தி இப்படி இருக்கலாம்: "எங்கள் வட்டாரத்துச் சாக்கடைகளைத் தூர் வாரும் பொறுப்பு ஊராட்சி மன்றத்துடையது, மதிப்பீட்டு வரி வருமானத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் அதற்கு ஒதுக்கலாம். ஆற்றங்கரையை உயர்த்தும் பெரிய வேலைக்கு மன்றத்தின் வருமானம் போதாது. ஆகவே வெள்ளம் வந்த தேதிகளையும் பாதிக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கையையும் தொகுத்து, மாநில அரசின் வழியாகக் கூட்டரசின் மேம்பாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்."

இதில் அணி இல்லை, பழமொழி இல்லை. ஆனால் யார், எந்தப் பணத்தில், எந்த ஆதாரத்தோடு என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. கருத்து விளக்கம் என்பது அதுதான்.

வகுப்பறைப் பயிற்சி: மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, தங்கள் தாமானுக்கு வேண்டிய மூன்று பருவநிலை வேலைகளை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பு, பணம், ஆதாரம் என்று மூன்று கட்டம். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அதைத்தான் அவர்கள் தேடிப் படிக்க வேண்டும். ஒரு பாட வேளை போதும்.

அந்த மாணவி அடுத்த கட்டுரையில் இந்த மூன்று கட்டத்தையும் நிரப்பியிருந்தாள். ஆதாரக் கட்டத்தில் தன் வீட்டுச் சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டின் உயரத்தை அளந்து எழுதியிருந்தாள். இந்த முறை சிவப்பு மைக்கு வேலை இல்லை. உங்கள் வகுப்பிலும் முயன்று பாருங்கள்.