தண்ணீர் வடிந்த பிறகு எந்தக் கூரையின் கீழ்?



வடகிழக்குப் பருவமழை நவம்பரில் பிடித்தால் மார்ச் வரை விடாது. கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூர் பக்கத்துத் தோட்டங்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. மேற்குக் கரையில் உள்ளவர்கள் “நம்ம பக்கம் தண்ணி ஏறாதுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளமே மூழ்கியது. அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகு அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

வெள்ளத்திலிருந்து தப்புவது எப்படி என்று பலரும் பேசியிருக்கிறார்கள். தப்பி வந்த பிறகு எங்கே தங்குவது, எத்தனை நாள் தங்குவது, அங்கே பிள்ளைகுட்டிகளை நோய் அண்டாமல் காப்பது எப்படி என்று பேசுகிறவர்கள் குறைவு. தண்ணீருக்குத் தப்பியவர் பத்து நாள் கழித்துக் காய்ச்சலிலும் பேதியிலும் படுப்பதற்குத் தங்குமிடமே காரணமாகிவிடுவது உண்டு. ஆகவே தற்காலிக வீடு என்பது கட்டடக்காரர் சமாச்சாரம் மட்டும் அல்ல, நம் சுகாதார சமாச்சாரம்.

நம் நாட்டில் வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடம், பொது மண்டபம், பள்ளிவாசல், கோயில் மண்டபம் ஆகியவைதான் நிவாரண மையங்களாகின்றன. மாவட்ட அதிகாரி தலைமையிலுள்ள பேரிடர்க் குழு மையத்தைத் திறக்க முடிவெடுக்கும். சமூக நல இலாகா பெயர் பதிந்து சாப்பாடு, பாய், போர்வை கொடுக்கும். 2015-இல் இதற்கென்றே ‘நட்மா’ என்ற தேசியப் பேரிடர் நிர்வாக அமைப்பும் வந்தது. ஏற்பாடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மண்டபம் அளவாகத்தான் இருக்கும். வருகிற சனம் அளவில்லாமல் வரும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள், அவர்களில் பெரும் பகுதியினர் கிளந்தான்காரர்கள். அவ்வளவு பேருக்கு எந்த மண்டபம் போதும்?

<b>ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம்?</b>

உலகம் முழுவதும் நிவாரண வேலை செய்கிற அமைப்புகள் 1997-இல் ஒன்றுகூடி, ‘ஸ்பியர்’ என்ற பெயரில் சில அளவுகளை வகுக்கத் தொடங்கின. அதன்படி, கூரைக்குக் கீழே ஓர் ஆளுக்குக் குறைந்தது மூன்றரை சதுர மீட்டர் இடம் வேண்டும். நம் கணக்கில் சுமார் 38 சதுர அடி. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 16 அடி நீளம், 12 அடி அகலம். தாராளமான அளவு இல்லை. இதற்குக் கீழே போனால் ஆபத்து என்கிற அளவு.

இதை வைத்து உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை அளந்து பாருங்கள். வகுப்பறை 30 அடிக்கு 24 அடி என்றால் 19 பேர் தங்கலாம், நாலு குடும்பம்கூட நிறையாது. 80 அடிக்கு 50 அடி மண்டபத்தில் சுமார் 105 பேர். 60 குடும்பம், 300 பேர் உள்ள ஒரு தோட்டம் அந்த ஒரே மண்டபத்தை நம்பியிருந்தால், ஒருவர் இடத்தில் மூன்று பேர் படுக்க வேண்டிவரும். ஒருவர் இருமினால் பக்கத்துப் பாயில் உள்ளவர் முகத்தில் படும். தட்டம்மை, சளிக்காய்ச்சல், சொறி சிரங்கு எல்லாம் இந்த நெருக்கத்தில்தான் ஒரு ராத்திரியில் நாலு குடும்பத்துக்குப் போய்விடும். குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் அதே பையில் இருக்கட்டும். மாத்திரையைத் தண்ணீரில் விட்டுவிட்டு மையத்தில் மயங்கி விழுகிறவர்கள் ஒவ்வொரு வெள்ளத்திலும் உண்டு.

நம் நாட்டு மையங்கள் பலவற்றில் இப்போது மண்டபத்துக்குள்ளேயே குடும்பத்துக்கு ஒரு சிறு கூடாரம் போட்டுக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். 2011-இல் ஜப்பானில் கடல் பொங்கிய பிறகு, அங்குள்ள கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் காகிதக் குழாயை நட்டுத் துணித் திரை தொங்கவிட்டு, விளையாட்டு மண்டபங்களைக் குடும்பம் குடும்பமாகத் தடுத்துக் கொடுத்தார். செலவு சொற்பம். நம்மிடம் காகிதக் குழாய் இல்லாவிட்டால் என்ன, கயிறும் பழைய சேலையும் இல்லாத வீடு உண்டா? பால் கொடுக்கும் தாய்க்கும், வயசுக்கு வந்த பெண்ணுக்கும் அந்தத் திரை சோற்றுக்கு அடுத்த தேவை.

<b>தண்ணீரும் கக்கூஸும்</b>

இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. கூச்சப்பட்டால் பேதிதான் மிச்சம்.

குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். பழைய மண்ணெண்ணெய் டின் சுமார் 18 லிட்டர் பிடிக்கும். ஆளுக்கு ஒரு டின்னுக்குச் சற்றுக் குறைவு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 300 பேருக்கு நாளைக்கு 4,500 லிட்டர், அதாவது 250 டின். தண்ணீர் லோரி ஒரு நாள் வந்து மறுநாள் வராவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். வருகிற தண்ணீரைச் சேர்த்து வைக்க மூடியுள்ள தொட்டி வேண்டும். மூடி இல்லாத தொட்டியில் டிங்கிக் கொசு முட்டையிடும். குடிக்கிற தண்ணீரை, தெளிவாகத் தெரிந்தாலும், கொதிக்கவைத்தே குடியுங்கள்.

கக்கூஸ் கணக்கு இது: முதல் சில நாட்களுக்கு 50 பேருக்கு ஒன்று என்று சமாளிக்கலாம். அதற்கு மேல் தங்குவதானால் 20 பேருக்கு ஒன்று வேண்டும். 300 பேருக்கு முதலில் 6, பிறகு 15. ஆண்களுக்கு ஒன்று வைத்தால் பெண்களுக்கு மூன்று வைக்க வேண்டும் என்பது நிவாரணக்காரர்கள் பட்டு அறிந்த பாடம். 15-இல் 11 பெண்களுக்கு, 4 ஆண்களுக்கு. “பொம்பளைங்களுக்கு இவ்வளவா?” என்று கேட்கும் ஆண்கள், மறுநாள் காலையில் வரிசையைப் போய்ப் பார்க்கட்டும். படுக்கிற இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் கக்கூஸ் இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வழியில் விளக்கு, கதவுக்கு உள்தாழ்ப்பாள். விளக்கில்லாத கக்கூஸுக்கு ராத்திரியில் போகப் பயந்து பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிடப்பார்கள். மூத்திரக் கடுப்பும் காய்ச்சலும் அங்கேதான் ஆரம்பம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிவாரண மையத்துக்குள் சம்சுவைக் கொண்டுவருகிறவரை ஆண்களே வெளியே நிறுத்த வேண்டும். அதைப் பெண்கள் தலையில் போடாதீர்கள்.

வெள்ளம் பாய்ந்த நிலத்தில் குழி தோண்டினால் ஒரு முழத்திலேயே தண்ணீர் ஊறும். குழியின் அடிப்பாகம் நிலத்தடி நீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி இடம் இல்லையென்றால் மேட்டில் அமைக்க வேண்டும், அல்லது தூக்கிவைக்கும் கக்கூஸ்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

சோற்று மிச்சத்தை மூட்டை கட்டித் தூரமாகப் போடுங்கள். எலி வரும். ஜொகூரில் 2006-07 வெள்ளத்துக்குப் பிறகு எலிச் சிறுநீர் நோய் கண்டது பலருக்கு நினைவிருக்கும். 2010-இல் அரசாங்கம் இதை, கண்டால் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. காலில் ஒரு சின்னக் கீறல் இருந்து, எலி மூத்திரம் கலந்த சேற்றில் நடந்தால் போதும். ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. “வெள்ளத்துல நனைஞ்ச சளிதான்” என்று கஷாயம் குடித்துக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குப் போய், வெள்ளத்தில் நடந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டைக் கழுவப் போகிறவர்கள் கித்தா பூட்ஸ் போட்டுக்கொண்டே இறங்க வேண்டும்.

<b>மண்டபத்துக்குப் பிறகு</b>

பத்து நாளில் தண்ணீர் வடிந்துவிடும், பள்ளிக்கூடத்தையும் திறந்தாக வேண்டும். வீடு நிற்கிறவர்கள் போய்விடுவார்கள். வீடே போனவர்கள்? 2014-இல் கிளந்தானில் குவாலா கிராய், மானிக் ஊராய் பக்கம் ஆற்றோடு வீடு போனவர்கள் பல மாதம் கூடாரத்தில் காலம் தள்ளினார்கள். திட்டம் இடறுகிற இடம் இதுதான் என்பது என் கருத்து. மண்டபத்துக்கு ஒரு திட்டம் இருக்கும், புது வீட்டுக்கும் ஒரு திட்டம் இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள மாதங்களுக்குத்தான் எவரிடமும் ஒன்றும் இருக்காது.

2004 டிசம்பர் 26 சுனாமி பினாங்கையும் கெடாவையும் தாக்கி, நம் நாட்டில் 68 பேரைக் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினக் கரையில் அழிவு அதைவிடப் பல மடங்கு. அங்கே மீனவக் குடும்பங்களுக்கு அவசரமாகத் தார் பூசிய அட்டைகளால் தற்காலிகக் குடிசைகள் போட்டார்கள். கூரை தாழ்வு, காற்று நுழைய வழி இல்லை. பகலில் அடுப்புக்குள் உட்கார்ந்தது போல் வெந்தார்கள், மழைக்குத் தரையில் தண்ணீர் நின்றது. போட்டவர்களின் நல்லெண்ணத்தில் குறை இல்லை. வெயிலைக் கேட்காமல் போட்டதுதான் குறை. நம் நாட்டுச் சூடும் லேசுப்பட்டதல்ல. தகரக் கூரை போட்டால் உயரமாகப் போட வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் நடுவே சூடு வெளியேற இடைவெளி விட வேண்டும். சாரல் அடிக்காமல் தாழ்வாரத்தை நீட்ட வேண்டும். தரை, மண்ணிலிருந்து உயர்ந்து நிற்க வேண்டும். மலாய்க் கம்பத்துப் பலகை வீடுகள் இதையெல்லாம் எந்தப் புத்தகமும் பார்க்காமல் செய்திருக்கின்றன. வீட்டுக்கு வீடு குறைந்தது 2 மீட்டர் விடுவதும், வரிசை நீண்டால் 300 மீட்டருக்கு ஒரு தடவை 30 மீட்டர் வெறுமையாக விடுவதும் தீ தாவாமல் இருக்க. அத்தாப்புக் கூரை குளிர்ச்சிதான், ஆனால் ஒரு பொறி போதும். சமையலைப் பொதுக் கொட்டகைக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொரு நோய் இருக்கிறது, அதற்குக் காய்ச்சல் இல்லை. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம். சுமார் 48,000 தற்காலிக வீடுகளை மளமளவென்று கட்டினார்கள். சுத்தமான வீடுகள், வரிசை பிசகாத வரிசை. வயதானவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் முதலில் என்று குலுக்கல் போட்டு, ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். நியாயமான ஏற்பாடு என்றுதான் எல்லோருக்கும் பட்டது. ஆனால் நாற்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு திக்கில், இவர் ஒரு திக்கில். அந்த வீடுகளில் 200-க்கும் மேற்பட்டவர்கள் தன்னந்தனியாக இறந்தார்கள். சிலர் இறந்தது பக்கத்தில் இருந்தவருக்கே நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஜப்பானியர் அதை மறக்கவில்லை. 2004 அக்டோபரில் நீகாத்தா பகுதியில் நிலம் நடுங்கியபோது, யாமாகோஷி மலைக்கிராம மக்களைத் தெருத்தெருவாக, அதே அண்டை அயலோடு சேர்த்துக் குடிவைத்தார்கள்.

நம் லயத்து வாழ்க்கைக்கு இது நன்றாகப் புரியும். கிழவி காலையில் கதவு திறக்கவில்லை என்றால் எதிர் வீட்டு மருமகள் தட்டிப் பார்ப்பாள். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக ஓர் அக்கா இருப்பாள். இடம் ஒதுக்கும்போது “எங்கள் லயத்தை ஒன்றாக வையுங்கள்” என்று முதல் நாளே கேட்க வேண்டும். பெயர் பதிந்து அறை கொடுத்த பிறகு கேட்டால் மாற்றமாட்டார்கள்.

தற்காலிகம் எத்தனை நாள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவதும் அதே நாளில்தான். கோபேயில் சட்டப்படி இரண்டு வருஷம்; கடைசி ஆள் வெளியேறியது 2000-இல். வெள்ளத்தால் அல்ல, நிலம் கைமாறியதால் வீடிழந்தவர்கள் கதை ஒன்றும் நமக்குத் தெரியும். கோலாலம்பூரில் புக்கிட் கியாரா தோட்டத்துப் பாட்டாளிகளை 1982-இல் நிரந்தர வீடு வரும்வரை என்று நீண்ட வீடுகளில் குடியேற்றினார்கள். அந்த வட்டாரத்து நிலத்தைப் பற்றிய வழக்கில் 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதும் அந்தக் குடும்பங்கள் நீண்ட வீட்டில்தான் இருந்தன. நாற்பது வருஷம்! ஆறு மாதத்துக்கென்று போட்ட பலகை எத்தனை மழை தாங்கும்? ஒழுகுகிற கூரைக்கும் அடைத்த சாக்கடைக்கும் மூச்சிரைப்பும் டிங்கியும்தான் வாடகை. ஆகவே ஆறு மாதம் என்று சொன்னாலும் மூன்று வருஷம் இருக்கப்போவதாக நினைத்து வடிகாலையும் கக்கூஸையும் கேட்டு வாங்குங்கள்.

மழைக்கு முன்பே கிளைத் தலைவர்கள் செய்யக்கூடிய வேலை கொஞ்சம் இருக்கிறது. லயம் லயமாக ஆள் கணக்கு எடுங்கள். நடக்க முடியாதவர், மாசமான பெண், கைக்குழந்தை, தினம் மாத்திரை சாப்பிடுகிறவர் எல்லாம் தனியாகத் தெரிய வேண்டும். இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்து நம்மோடு செம்பனை வெட்டுகிற தோழர்களையும் அந்தக் கணக்கில் சேருங்கள். அவர்களுக்குக் கக்கூஸ் இல்லையென்றால் பேதி நம் பிள்ளைக்கும் வரும், தண்ணீர் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. பிறகு நிர்வாகியைப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மேட்டுக்குப் போவது, லோரி யாருடையது, வீடு போனால் நடுவிலுள்ள மாதங்களுக்கு எந்த நிலம், எந்தத் தண்ணீர்க் குழாய்? பதிலை எழுதி வாங்கி, ஒரு பிரதியை மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, இன்னொன்றைப் பெரட்டுக் களத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள். நவம்பருக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்த மண்டபத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். 38 சதுர அடி என்ற கணக்கு கையில் இருக்கட்டும்.