மகளின் மேற்படிப்பும் ஆங்கிலச் சொற்களும்

பதுளை நகரில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வந்திருக்கும் மூத்த மகள், தடித்த புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலச் சொற்களை முணுமுணுக்கிறாள்.

“நாலு வருஷமும் இங்கிலீஷ்லதானே மகள் படிச்சீங்க? இன்னமும் எதுக்குச் சொல் பாடமாக்குறீங்க?” என்று கேட்கிறார் உம்மா.

“மாஸ்டர்ஸ் செய்யிறதுக்கு இன்னொரு சோதனை இருக்கு உம்மா. அதுக்குத்தான்.”

உம்மாவின் மனத்தில் பல கேள்விகள் எழுகின்றன. இது என்ன சோதனை? எவ்வளவு செலவாகும்? இதற்காகக் கலியாணப் பேச்சைத் தள்ளிப் போட வேண்டுமா? இத்தனையும் செய்தும் சித்தியடையாவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்விகள் இன்று நம் வீடுகள் பலவற்றில் எழத் தொடங்கியுள்ளன. பசறை வீதியிலே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பத்தைக்கூடப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் இடம் அது. அங்கே பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடைபெறுகின்றன. தமிழ் மொழியில் உயர்தரம் எழுதிய பிள்ளைகள் அதற்குள் நுழைந்து எப்படியோ சமாளித்துப் பட்டமும் பெறுகிறார்கள். பிரச்சினை அதற்குப் பின்னர் வருகிறது. முதுமாணிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ வெளிநாடு போக விரும்பினால் ஆங்கிலத்தில் வாசித்து விளங்கும் ஆற்றலை ஒரு பரீட்சையில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. உள்நாட்டிலும் முதுமாணி வகுப்புகள் பல ஆங்கிலத்திலேயே நடப்பதால் வாசிப்புச் சுமை அங்கும் குறைவதில்லை.

அந்தப் பரீட்சைகள் எவை?

இரண்டு வகைகளைப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது.

முதலாவது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான மொழிப் பரீட்சை. 1964இல் தொடங்கிய டோபல், 1989இல் தொடங்கிய ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. ஐ.ஈ.எல்.டி.எஸ். வாசிப்புப் பகுதியில் மூன்று கட்டுரைகள், 40 வினாக்கள், 60 நிமிடங்கள். மொத்தப் புள்ளி 9. முதுமாணி வகுப்புக்குப் பல பல்கலைக்கழகங்கள் 6.5 கேட்கின்றன. பெறுபேறு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்றுக்கொள்ளப்படும்.

இரண்டாவது ஜி.ஆர்.ஈ. இது அமெரிக்காவில் உயர்பட்டப் படிப்புக்குச் செல்வோருக்கானது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதை எழுதுகிறார்கள். அவர்களும் இதைக் கடினம் என்றே சொல்கிறார்கள். 2023 செப்டம்பர் முதல் இது சுருக்கப்பட்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பரீட்சையாகிவிட்டது. மொழிப் பகுதியில் 27 வினாக்கள், 41 நிமிடங்கள். புள்ளி 130 முதல் 170 வரை. பெறுபேறு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடக்கூடாது.

சொல் மனனம் போதுமா?

முன்பு ஜி.ஆர்.ஈ. எழுதியவர்கள் நீண்ட சொற்பட்டியல்களை மனனம் செய்தார்கள். ஒரு சொல்லைக் கொடுத்து அதன் எதிர்ச்சொல்லைக் கேட்கும் வினாக்கள் அப்போது இருந்தன. 2011 ஆகஸ்டில் அந்த வினாக்கள் நீக்கப்பட்டன. இப்போது வருபவை வசனத்தில் விடுபட்ட இடத்தை நிரப்புவதும், பந்தியை வாசித்து விடையளிப்பதும்தான். பழைய பட்டியல் புத்தகங்களை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

விடுபட்ட இடத்தை நிரப்பும் வினா எப்படி இருக்கும் என்பதைத் தமிழிலேயே பார்ப்போம்.

“உலகச் சந்தையில் தேயிலை விலை உயர்ந்தபோதிலும், கொழுந்து பறிக்கும் பெண்ணின் வருமானம் ______.”

விடையை நமக்குக் காட்டிக் கொடுப்பது எந்தச் சொல்? ‘தேயிலை’ அல்ல, ‘சந்தை’யும் அல்ல. ‘உயர்ந்தபோதிலும்’ என்பதிலுள்ள ‘போதிலும்’தான். அது வந்துவிட்டால் பின்பகுதி முன்பகுதிக்கு மாறாகத் திரும்பப் போகிறது என்று அர்த்தம். ஆகவே ‘உயரவில்லை’ என்ற கருத்துள்ள சொல்லே பொருந்தும். ஆங்கிலத்திலும் ‘ஆல்தோ’, ‘டிஸ்பைட்’, ‘ஹவெவர்’, ‘தெயார்போர்’ போன்ற சிறு சொற்கள்தான் வசனத்தின் கீல்கள். பெரிய சொல் ஒன்று தெரியாமற் போனாலும் கீலைக் கண்டுகொண்டவர் பாதி வழியைக் கடந்துவிடுகிறார்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் வேறு. ஒரு கூற்றைத் தந்து ‘சரி’, ‘பிழை’, ‘சொல்லப்படவில்லை’ என்ற மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். இதையும் நம்மூர்ச் செய்தி ஒன்றைக் கொண்டு பார்ப்போம்.

“தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். தம்பதென்னைத் தொழிற்சாலை அதே ஆண்டில் அவர் கட்டுவித்தது. பதுளைக்கு ரயில் பாதை 1924இல் வந்து சேர்ந்தது.”

கூற்று ஒன்று: பதுளைக்கு ரயில் வருமுன்பே தம்பதென்னைத் தொழிற்சாலை இருந்தது. இது சரி. கூற்று இரண்டு: லிப்டன் வந்தபோது பதுளை வரை ரயில் ஓடியது. இது பிழை. கூற்று மூன்று: லிப்டன் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்த சம்பளம் கொடுத்தார். இதற்கு என்ன விடை?

தோட்டப்புறத்தின் கதையை அறிந்த நம் பிள்ளை உடனே ‘சரி’ என்று எழுதிவிடுவாள். ஆனால் பந்தியில் சம்பளத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே விடை ‘சொல்லப்படவில்லை’. எழுதியவர் சொன்னதையும், நாமே முன்பு அறிந்திருந்ததையும் வேறு பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்பதே இங்கு சோதிக்கப்படுகிறது.

எத்தனை சொற்கள் தெரிய வேண்டும்?

நியூசிலாந்து அறிஞர் போல் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒரு கணக்கைத் தருகிறது. அகராதியின் உதவியின்றி ஆங்கில நாவலையோ நாளிதழையோ வாசித்து விளங்க 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்கள் தேவை என்கிறார் அவர். ‘அனலைஸ்’, ‘அனாலிசிஸ்’, ‘அனலிஸ்ட்’ எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம்.

இதைக் கேட்டு மலைத்துவிட வேண்டாம். அதே நாட்டின் அவரில் கொக்ஸ்ஹெட் என்ற ஆசிரியை பல்கலைக்கழக நூல்களில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து இவைதாம். நாளொன்றுக்குப் பத்துக் குடும்பங்கள் என்று எடுத்தால் இரண்டே மாதங்களில் முடிந்துவிடும். அடிப்படை ஆங்கிலம் உள்ள பிள்ளை இங்கிருந்து தொடங்கலாம்.

படித்தது மறந்துபோகிறது என்பது அடுத்த முறைப்பாடு. அது இயல்பு. குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைகள் புதுப் பாடத்தோடு பழைய பாடத்தையும் ஒப்புவிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த முறையே இதற்கும் பொருந்தும். இன்று படித்த பத்தை நாளையும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரே இரவில் நூறு சொற்களைத் திணிப்பதால் பயனில்லை.

வேர் தெரிந்தால் மரம் தெரியும்

அரபு கற்ற தாய்மாருக்கு ஒரு வசதி உண்டு. கிதாப், காதிப், மக்தப், மக்தூப் ஆகியவை ஒரே மூன்றெழுத்து வேரிலிருந்து வந்தவை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் இலத்தீன், கிரேக்க வேர்கள் இப்படியே கிளைவிடுகின்றன. ‘பெனெ’ என்றால் நன்மை, ‘மல்’ என்றால் தீமை, ‘வொல்’ என்றால் விருப்பம். ஆகவே ‘பெனவலன்ட்’ நன்மை நாடுபவர், ‘மலவலன்ட்’ தீமை நாடுபவர். ‘லொக்’ என்றால் பேச்சு. ‘எலொகுவன்ட்’, ‘லொகுவேஷஸ்’, ‘கொலோக்குவியல்’ மூன்றும் பேச்சோடு தொடர்புடையவை.

அரபிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போன சொற்களும் உண்டு. ‘அல்ஜிப்ரா’ அல்-ஜப்ர், ‘டரிஃப்’ தஃரீஃப். ஜி.ஆர்.ஈ. பட்டியல்களில் அடிக்கடி காணும் ‘நேடிர்’ என்ற சொல், எதிரே உள்ளது எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மிகத் தாழ்ந்த நிலை என்பது அதன் இன்றைய கருத்து. தேடாமலே கிடைக்கும் நல்ல பேற்றைக் குறிக்கும் ‘செரன்டிபிட்டி’ என்ற சொல்லை ஹொரஸ் வால்போல் 1754இல் உருவாக்கினார். அதற்குள் இருப்பது அரபு வணிகர் நம் நாட்டுக்கு வழங்கிய ஸரன்தீப் என்ற பெயர்தான்.

ஓர் எச்சரிக்கை. வேர் சில வேளை ஏமாற்றும். எரிபொருட் கொள்கலன்களில் காணும் ‘இன்ஃப்ளேமபிள்’ என்பதை ‘தீப்பற்றாதது’ என்று எண்ணினால் ஆபத்து; எளிதில் தீப்பற்றும் என்பதே அதன் கருத்து. வேரைக் கொண்டு ஊகித்தாலும் வசனத்தைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும்.

பணம் கட்டுமுன்

இந்தப் பரீட்சைகளின் கட்டணம் சிறியதல்ல. ஜி.ஆர்.ஈ. கட்டணம் 200 அமெரிக்க டொலருக்கு மேல். பரீட்சைக்காகக் கொழும்புக்குப் போக, பதுளையிலிருந்து இரவு பஸ் ஏற வேண்டும். கூடப் போக ஒருவர் வேண்டும். தங்க இடம் வேண்டும். ஆகவே மூன்று விடயங்களை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் ஜி.ஆர்.ஈ. கேட்கிறதா? 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகள் பல அதைக் கட்டாயத்திலிருந்து நீக்கிவிட்டன. இரண்டு, பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் படித்ததற்கான கடிதத்தை மொழிப் பரீட்சைக்குப் பதிலாக ஏற்கிறார்களா? சில இடங்களில் ஏற்கிறார்கள். மூன்று, மாதிரிப் பரீட்சையில் மகளுக்குத் தேவையான புள்ளி வருகிறதா? ஜி.ஆர்.ஈ. நடத்தும் ஈ.ரி.எஸ். நிறுவனம் இரண்டு மாதிரிப் பரீட்சைகளை இலவசமாகவே தருகிறது. அவற்றை நேரம் பிடித்து எழுதிப் பார்க்காமல் கட்டணம் செலுத்த வேண்டாம். கொழும்பிலுள்ள அமெரிக்க - இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவிலும் ஆலோசனை பெறலாம்.

தோட்டத்துத் தோழி

மகளோடு ஒரே வகுப்பில் படித்த தோட்டத்துத் தோழி ஒருத்தியும் இருப்பாள். மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ லயக் காம்பராவில் வளர்ந்தவள். தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்ததே 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை அங்கே நீண்ட காலத் துயரம். அத்தனையையும் தாண்டிப் பட்டம் பெற்றவளுக்கு, இந்தப் பரீட்சைக் கட்டணம் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பாக இருக்கும். அவளையும் வாரத்தில் ஒரு நாள் நம் வீட்டுக்கு அழைத்து இருவரையும் சேர்ந்து படிக்கச் சொல்வதில் நமக்கு என்ன நட்டம்? ஒரு புத்தகம் இருவருக்கு உதவும். ஒருத்தி வினாக் கேட்க மற்றவள் விடை சொன்னால் இருவருக்கும் மனத்தில் பதியும்.

பணமில்லாமல் படிப்பு நிற்கக்கூடாது என்ற கவலை நம் முன்னோருக்கும் இருந்தது. இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியைத் தொடங்கியது அந்தக் கவலையினால்தான்.

சின்ன மகளை மறக்க வேண்டாம்

மூத்தவளின் பரீட்சையைப் பற்றிப் பேசும்போது, ஆறாம் வகுப்பில் படிக்கும் இளையவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். உண்மையில் இந்தக் கட்டுரை அவளுக்காகத்தான். இருபத்து மூன்று வயதில் ஆறு மாதத்தில் சேர்க்கும் சொற்களைவிட, பதினொரு வயதிலிருந்து சிறிது சிறிதாக வாசித்துச் சேர்ப்பவை உறுதியானவை.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் என்ன செய்வது?” என்று தாய்மார் கேட்கலாம். கனடாவின் ஜிம் கமின்ஸ் 1979இலிருந்து எழுதிவரும் கருத்து இங்கே ஆறுதல் தருகிறது. தாய்மொழியில் நன்றாக வாசித்து விளங்கும் பிள்ளைக்கு அந்த ஆற்றல் இரண்டாம் மொழியிலும் கைகொடுக்கிறது என்கிறார் அவர். எனவே தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பின், “இதில் எழுதினவர் என்ன சொல்கிறார்? எப்படித் தெரியும்? எந்த வரியில் இருக்கிறது?” என்று கேளுங்கள். மேற்சொன்ன பரீட்சைகள் கேட்பதும் இதே கேள்விகளைத்தான். அதோடு நாளுக்குக் கால் மணி நேரம் எளிய ஆங்கிலக் கதை ஒன்றை உரத்து வாசிக்கட்டும். நீங்கள் சமையலறையில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

மூத்த மகளின் கலியாணப் பேச்சும் படிப்பும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்குச் செல்லும் பெறுபேறு, கலியாணமான பின்னும் கையில் இருக்கும். அவள் படிக்க விரும்புகிறாள் என்பதைப் பெண் கேட்டு வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் இரு வீட்டாருக்கும் நேர்மை.

இன்றிரவு மகள் புத்தகத்தை விரிக்கும்போது, “எத்தனை சொல் பாடமாக்கினீங்க?” என்று கேட்காதீர்கள். “இன்றைக்கு வாசித்ததைத் தமிழில் எனக்குச் சொல்லுங்க மகள்” என்று கேளுங்கள். அவளால் சொல்ல முடிந்தால், அன்றைய பாடம் அவளுக்கு விளங்கிவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக உறங்கலாம்.