காயமுற்று மெலிந்த ஆட்டை மீட்டெடுக்கும் முறை

மேய்ச்சலுக்குச் சென்ற ஆடு வழிதவறிப் போதலும், நாய்க்கடிபட்டுப் பற்றைக்குள் ஒதுங்கிக் கிடத்தலும், கழுத்துக் கயிறு வேலியிற் சிக்கி நீரும் குழையுமின்றிப் பல நாள் வாடுதலும் நம் கிராமங்களில் அரிதான நிகழ்ச்சிகளல்ல. இவ்வாறு தேடிக் கண்டெடுக்கப்படும் ஆடுகளிற் சில, வீடு வந்து சேர்ந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் இறந்துவிடுகின்றன. பட்டினியைத் தாங்கி நின்ற உயிர், உணவு கிடைத்த பின்னர் இறப்பதைக் கண்டு கமக்காரர் விதியை நோவர். ஆயின், பசித்து வந்த பிராணிக்கு இரக்கத்தினால் ஒரே வேளையில் இடப்பட்ட சோறும் தவிடுமே இவ்விறப்புகள் பலவற்றுக்குக் காரணமாகும். இதனைத் தவிர்த்து ஆட்டைப் படிப்படியாகத் தேற்றும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

பட்டினி கிடந்த வயிற்றின் இயல்பு

ஆட்டின் வயிறு நான்கு அறைகளையுடையது. அவற்றுட் பெரியதாகிய முதலறையிலே கண்ணுக்குப் புலப்படாத நுண்ணங்கிகள் பல கோடி வாழ்கின்றன. புல்லையும் குழையையும் புளிக்கச் செய்து ஆட்டுக்கு ஏற்ற உணவாக மாற்றுவன இவையே. ஆடு சில நாட்கள் பட்டினி கிடப்பின் இந்நுண்ணங்கிகளின் தொகை பெரிதும் குன்றிவிடும். அந்நிலையிற் சோறு, அரிசி, சோளம், பாண் போன்ற மாப்பொருள் மிகுந்த உணவுகளை நிறைய இட்டால், மாப்பொருளை உண்ணும் ஒருசில வகை நுண்ணங்கிகள் மட்டும் விரைந்து பெருகி, வயிற்றில் இலற்றிக்கு அமிலத்தை உண்டாக்கும். அமிலம் மிகுந்ததும் உடலிலுள்ள நீர் வயிற்றை நோக்கி இழுக்கப்படும், இரத்தமும் புளிப்புறும். ஆடு பல்லை நெறுநெறுவெனக் கடித்தல், வயிற்றை அசைக்கும்போது நீர்த்தளும்பல் கேட்டல், புளித்த நாற்றமுள்ள கழிச்சல், எழ மாட்டாது படுத்தல் என்பன இதன் அறிகுறிகள். ஓரிரு நாட்களில் மரணம் நேரலாம்.

ஆகவே, முதலிற் சூடு, அடுத்து நீர், அதன் பின்னர் நார்ப்பொருள் மிகுந்த தீன், இறுதியிலே தவிடும் பிண்ணாக்கும் என்னும் ஒழுங்கை மாற்றாது கைக்கொள்ளல் வேண்டும்.

முதலிற் சூடு

நலமுள்ள ஆட்டின் உடல் வெப்பநிலை செல்சியசு அளவில் 38.5 முதல் 39.5 பாகை வரையாகும். வெப்பமானியைக் குதத்தில் ஒரு நிமிடம் வைத்து இதனை அறியலாம். வெப்பமானி இல்லாவிடில், வாயின் உட்புறமும் காதுகளும் குளிர்ந்திருக்கின்றனவா என்று பார்க்குக. ஆனால், நாய் கடித்த ஆட்டின் வாயினுள் ஒருபோதும் விரலிடலாகாது. குளிர்ந்துபோன ஆட்டுக்கு உணவு செரியாது. மெலிந்த உடலிற் குளிரைத் தாங்கும் கொழுப்பும் இல்லை. 2022 டிசெம்பரில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மழையுடன் வீசிய கடுங்குளிர்க் காற்றினால் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தமையைக் கமக்காரர் மறந்திரார்.

காற்றுப் படாத கொட்டிலில் உலர்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, ஆட்டின் ஈரத்தைத் துடைத்து, சாக்கினாற் போர்த்துக. இளஞ்சூடான நீர் நிரப்பிய போத்தல்களைத் துணியிற் சுற்றி விலாப் பக்கங்களில் வைக்கலாம். எழ மாட்டாத ஆட்டைச் சரிந்து கிடக்கவிடாது, நெஞ்சு நிலத்திற் படிய அமர்த்தி இரு புறமும் வைக்கோற் கட்டுகளை முட்டுக்கொடுத்தல் அவசியம். சரிந்து கிடக்கும் ஆடு ஏப்பம் விட மாட்டாது வயிறு ஊதி இறக்கக்கூடும். மூன்று அல்லது நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உடலின் பாரத்தை மறு தொடைக்கு மாற்றி அமர்த்துக.

அடுத்து நீர்

கண்கள் குழிவிழுந்தும், கழுத்துத் தோலை இழுத்து விட்டால் உடனே படியாது நின்றும் இருப்பின், உடலில் நீர் குன்றியுள்ளது என அறிக. கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து இளஞ்சூடாகக் கொடுக்கலாம். மருந்துக் கடையில் விற்கப்படும் ஜீவனிப் பொதியைக் குறித்த அளவு நீரிற் கரைத்துக் கொடுப்பினும் நன்று. 25 கிலோகிராம் நிறையுள்ள ஆட்டுக்கு ஒரு வேளைக்கு 250 மில்லிலீற்றராக, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுத்து வருக.

ஆடு தானாகவே குடித்தல் சிறந்தது. பருக்க நேரிடின் தலையை முதுகு மட்டத்துக்கு மேல் உயர்த்தாது, வாயின் ஓரத்தாற் சிறிது சிறிதாக விடுக. விழுங்க இயலாத ஆட்டுக்குப் பருக்கினால் நீர் சுவாசப்பையினுட் சென்று மரணத்தை விளைக்கும். அத்தகைய ஆட்டுக்கு நாளத்தின் வழியே மருந்து நீர் ஏற்ற வேண்டியிருப்பதாற் கால்நடை வைத்திய அதிகாரியை உடனே அழைத்தல் வேண்டும்.

காயங்களைக் கவனித்தல்

நாய்க்கடிக் காயம் வெளியே சிறு துளையாகத் தோன்றினும் உள்ளே தசை கிழிந்திருக்கும். எனவே இத்தகைய காயத்தை வீட்டில் தைத்து மூடலாகாது. கையுறை அணிந்து, காயத்தைச் சூழவுள்ள மயிரைக் கத்தரித்து, சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுக. அடுத்த நாட்களில், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் காலை மாலை கழுவினாற் போதும். மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் காயத்தில் இடும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். இவை தசையைச் சுட்டுப் புண்ணை ஆறவிடாது தடுக்கும்.

இலையான் இட்ட முட்டைகள் ஒரு நாளைக்குள் புழுவாகிவிடும். ஆதலால் காதின் உட்புறம், வாலடி, குளம்பிடை என்பவற்றையும் நாள்தோறும் இருமுறை பார்த்தல் அவசியம். புழுக்கள் காணப்படின் அவற்றை இடுக்கியால் ஒன்றுவிடாது எடுத்து, ஆழ்ந்த புண்ணாயின் வைத்திய உதவி பெறுக. ஏற்பு நோய்த் தடுப்பு மருந்து பற்றியும் அப்பொழுதே விசாரித்தல் நன்று.

நாய்க்கடிபட்ட ஆட்டைப் பொறுத்தவரை விசர்நோய் அபாயம் உண்டு. இந்நோய் பல வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்தே வெளிப்படலாம். கடித்த நாயின் நிலை தெரியாவிடில் கால்நடை வைத்திய அதிகாரிக்குத் தாமதமின்றி அறிவிக்குக. அவர் அனுமதிக்கும்வரை அவ்வாட்டின் பாலைப் பயன்படுத்தலாகாது. அதன் உமிழ்நீரோ காயத்தின் ஈரமோ கையிலுள்ள கீறலிற் பட்டால், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். ஆட்டைக் காத்தல் பொருட்டு மனித உயிரை ஆபத்துக்குள்ளாக்குதல் தகாது.

தீன் கொடுக்கும் ஒழுங்கு

உடல் சூடடைந்து, ஆடு நீரருந்தித் தலையை நிமிர்த்திய பின்னரே தீன் தொடங்குக. 25 கிலோகிராம் நிறையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 கிலோகிராம் பசுந்தீன் முழு அளவாகும். ஆட்டின் தற்போதைய நிறையைக் கொண்டே இவ்வளவைக் கணித்தல் வேண்டும். ஆட்டைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின்னர் தம் நிறையைக் கழித்தால் ஆட்டின் நிறை பெறப்படும்.

முதல் நாளில் வாடிய புல், பூவரசங் குழை, பலா இலை ஆகியவற்றில் ஒரு பிடி அளவாக ஐந்து வேளை கொடுக்குக. இரண்டாம், மூன்றாம் நாட்களிற் காற்பங்கும், நான்காம், ஐந்தாம் நாட்களில் அரைப்பங்கும், ஆறாம் நாள் முதல் எட்டாம் நாள் வரை முக்காற்பங்கும் கொடுத்து, அதன் பின்னர் முழு அளவை அடையலாம். முள்முருக்கு, கிளிசரிடியா ஆகிய குழைகள் புரதம் மிகுந்தவை. அவற்றைச் சிறிது வாடவிட்டு, ஏனைய குழையுடன் கலந்து நான்காம் நாளின் பின் சேர்க்குக. மரவள்ளியின் பச்சை இலையில் நஞ்சுண்டு; பசித்த ஆடு அதனை அளவின்றித் தின்னுமாதலால் எட்டாத தூரத்தில் வைத்தல் வேண்டும்.

ஆடு மீண்டும் அசைபோடுவதும், புழுக்கை உருண்டையாக வருவதும் வயிறு தேறியதன் அடையாளங்களாகும். இவை தோன்றிய பின், ஒன்பதாம் நாளளவில், அரிசித் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் சமமாகக் கலந்து நாளொன்றுக்கு 50 கிராம் தொடங்குக. மூன்று நாட்களுக்கு ஒருமுறை 50 கிராம் கூட்டி, 250 கிராமில் நிறுத்துக. கழிச்சல் காணப்படின் தவிட்டை உடனே நிறுத்தி, புல்லும் நீரும் மட்டும் கொடுத்தல் வேண்டும்.

குடற்புழுவும் தனிமையும்

கீழ் இமையின் உட்புறம் சிவந்திராது வெளிறியிருத்தலும், தாடையின் கீழ் நீர்வீக்கம் இருத்தலும் இரத்தம் உறிஞ்சும் குடற்புழுக்களைக் குறிக்கும். புழு மருந்தை ஆட்டின் நிறையறிந்து, கால்நடை வைத்திய அதிகாரியின் ஆலோசனைப்படி கொடுக்குக. கண்டெடுத்த ஆட்டை மூன்று வாரமேனும் மந்தையினின்று பிரித்து வைத்தல், கால்வாய் நோய் முதலிய தொற்றுக்கள் பரவாதிருக்க உதவும். அதற்கு வேறான வாளியும் பாத்திரமும் பயன்படுத்துக. உரிமையாளர் அறியப்படாத ஆடாயின், காதுப் பட்டியின் இலக்கத்தைக் குறித்துக் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தல் கடமையாகும்.

தேறுவதை அறிதல்

கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகெலும்பை வாரந்தோறும் விரலாற் தடவிப் பார்க்குக. கூராக முட்டிய எலும்பின் இரு மருங்கும் தசை நிரம்பி வருமாயின், ஆடு தேறி வருகின்றது என்று கொள்ளலாம். வாரத்துக்கு அரைக் கிலோகிராம் நிறை கூடினால் அதுவே போதியது. விரைவாகக் கொழுக்கச் செய்ய முயலல் வேண்டாம். மெலிந்த மறியை உடல் முழுமையாகத் தேறுமுன் கிடாயுடன் சேர்த்தலும் ஆகாது.

முதுகெலும்பு முறிந்த ஆடும், பல நாள் சிகிச்சையின் பின்னரும் எழ இயலாத ஆடும் வீணே துன்புறாதிருக்கும் வழியை வைத்திய அதிகாரியிடம் கேட்டு முடிவு செய்தல் நேரிய செயலாகும். ஏனையவற்றுக்கு வேண்டுவன உலர்ந்த படுக்கையும், சுத்தமான நீரும், கைப்பிடியளவான குழையும், இரண்டு வாரப் பொறுமையுமே. இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது; காப்பாற்றப்படும் மறியோ ஆண்டுதோறும் குட்டியும் பாலும் தந்து அதனைப் பன்மடங்காகத் திருப்பித் தரும்.