முன்பள்ளியில் பாரபட்சம்: பெற்றாரின் விசனம்

முன்பள்ளிக் கலைவிழா முடிந்து வீடு திரும்பும் பெற்றாரிடையே ஒரு முறைப்பாடு தவறாமல் எழுகின்றது. குறித்த ஒரு பிள்ளைக்கு மூன்று நிகழ்ச்சிகள் வழங்கப்பட்டன, தமது பிள்ளையோ பின்வரிசையில் நிறுத்தப்பட்டது என்பதே அது. நான்கு வயதுப் பிள்ளையின் விடயத்தில் இதெல்லாம் ஒரு பிரச்சினையா எனக் கேட்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வீட்டுக்கு வெளியே தான் விரும்பப்படுகின்றோமா என்பதைப் பிள்ளை முதன்முதலாக அறிந்துகொள்வது முன்பள்ளி ஆசிரியையின் முகத்திலிருந்தாகும்.

இவ்விசனத்தின் வேர் பெரும்பாலும் பணத்தில் உள்ளது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் கீழ் முன்பள்ளிகள் மாகாண சபைகளுக்குரிய விடயமாயின. எனினும் அவற்றுள் மிகப் பலவற்றைத் தனியாரும், மத நிறுவனங்களும், கிராம மட்டச் சங்கங்களுமே நடத்தி வருகின்றன. பெற்றார் செலுத்தும் மாதாந்தக் கட்டணமும், சில இடங்களில் கிடைக்கும் சொற்பக் கொடுப்பனவுமே ஆசிரியையின் வருமானம். இந்நிலையில் மின்விசிறியும் கதிரைகளும் அன்பளிப்புச் செய்தவரின் பிள்ளையை, அல்லது நிர்வாகக் குழுத் தலைவரின் பேரப்பிள்ளையைப் பின்வரிசையில் நிறுத்தும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்?

அதேவேளை, பாரபட்சமாகத் தோன்றுவன யாவும் பாரபட்சமல்ல. புதிதாகச் சேர்ந்து அழும் பிள்ளையை ஆசிரியை மடியில் வைத்திருப்பது, வாயிலில் நிற்கும் ஏனைய தாய்மாருக்குச் செல்லமாகத் தெரியலாம். "டீச்சருக்கு என்னில விருப்பமில்லை" எனப் பிள்ளை கூறுவது அன்று காலை நடந்த ஒரேயொரு சம்பவத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். ஆனால் விரைவாக மனனம் செய்யும் பிள்ளையையே ஒவ்வொரு முறையும் அதிதிகள் முன்னிலையில் மேடையேற்றுவது நிச்சயமாகத் தவறு. பேசத் தயங்கும் பிள்ளைக்கே அந்தச் சந்தர்ப்பம் அதிகம் தேவைப்படுகின்றது.

தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகப் பயிலும் இடங்களில் இத்தகைய மனக்குறைகள் எளிதில் இனச்சாயம் பெற்றுவிடுகின்றன. ஆசிரியை எந்தச் சமூகத்தவர் என்பதே முதற் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. இது அங்குள்ள பிள்ளைகளின் நட்பையும் பாதிக்கும் என்பதால் கூடுதல் அவதானம் அவசியம்.

முறையிட்டால் ஆசிரியை தமது பிள்ளையை வஞ்சிப்பாரோ எனப் பல பெற்றார் அஞ்சி மௌனம் காக்கின்றனர். அவ்வச்சம் நியாயமற்றதன்று. ஆயினும் எவ்வாறு கேட்கின்றோம் என்பதில் அதிகம் தங்கியுள்ளது. பிள்ளைகள் வீடு சென்ற பின்னர், பிள்ளையின் காதுபடாமல், குறிப்பாகக் கேட்பதே உகந்தது. 'ஏன் பாகுபாடு காட்டுகின்றீர்கள்?' என்ற கேள்வி சண்டையில் முடியும். 'இந்த மாதம் எனது பிள்ளை எத்தனை தடவை முன்னால் வந்து கதை சொன்னது?' என்ற கேள்விக்கு ஆசிரியை பதிலளித்தே ஆக வேண்டும். பயன் கிட்டாவிடின் பெற்றார் குழுவிடமும், அதன் பின்னர் பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடமும் செல்லலாம்.

சிறுவர் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பெற்றாரின் சொத்து, இனம், மதம் என்பவற்றின் பேரில் பிள்ளைக்குப் பாகுபாடு காட்டலாகாது என்பதை அதன் 2ஆவது உறுப்புரை தெளிவாகக் கூறுகின்றது. விழா நிகழ்ச்சிகளைச் சீட்டிழுப்பின் மூலம் பகிர்ந்தளிக்கவும், அன்பளிப்புகளை வழங்கியவர் பெயரின்றி ஏற்கவும் ஒவ்வொரு முன்பள்ளியும் இன்றே தீர்மானிக்கலாம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஆசிரியைகளுக்கு வாழத்தக்க வேதனம் வழங்குவதற்கோ பணம் தேவை. அதனை ஒதுக்க வேண்டியவர்கள் மத்திய அரசாங்கமும் மாகாண நிர்வாகங்களுமே.